வழி விட்டதற்கு நன்றி

வெதர்லி மாளிகைப் பூங்காவின் தெற்கு வாசலில் பூட்டுத் தொங்கிய அன்றைக்கு லினெட் டக்வெல் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். பதினெட்டு வருடமாக அங்கே சமைக்கிறாள்; மழை, பனி, புருஷனைப் புதைத்த மறு வாரம் என்று எதற்கும் அவள் அடுப்பு தாமதமாக எரிந்ததில்லை. அன்றைக்கு மட்டும் அறுபது பிள்ளைகளுக்கும் சூடான சாப்பாட்டுக்குப் பதிலாக ரொட்டியும் சீஸும் போட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குதிகாலில் உரிந்த தோலைப் பார்த்தபடி மகளிடம் கேட்டாள்.

"ஏன்டி, பூட்டப் போறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? அங்கதான வேல பாக்கற?"

"எனக்கே தெரியாதும்மா. ஆடு குட்டி போடற சமயமாம். ரெண்டு வாரத்துல திறந்துடுவாங்களாம்."

"முப்பது வருஷமா ஆடு குட்டி போடுது. அப்பல்லாம் என் காலுக்கு அடியிலயா போட்டுச்சு?"

பிரையனிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம்தானே என்று அவளும் நினைத்தாள்.

பூங்காவுக்குள் குறுக்கே நடந்தால் பள்ளிக்கூடம் இருபது நிமிடம். ஏரிக்கரை, ஆடு மேயும் சரிவு, பழைய தேவாலயம், வடக்கு வாசல், அவ்வளவுதான். சுற்றிப் போனால் மூன்று மைல் தார் ரோடு. இரண்டு பக்கமும் முள்வேலிச் செடி, நடக்க ஓரம் கிடையாது, கல் குவாரி லாரிகள் வேறு. லினெட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. புருஷன் போனதோடு வீட்டுக் காரும் போயிற்று. பஸ் காலை பத்து மணிக்குத்தான் முதலில் எட்டிப் பார்க்கும்.

அந்த வழி யாரோ தயவு பண்ணி விட்டதில்லை. 1764இல் அன்றைய ஃபேன்ஷா பிரபு தன் வரவேற்பறை ஜன்னலில் நின்று பார்த்தபோது ஊர்க்காரர்களின் அடுப்புப் புகை கண்ணில் பட்டதாம். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வீட்டையும் இடித்து, ஊரை ஒரு மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளினார். இடித்த இடத்தில் ஏரி வெட்டினார். வெட்டியது யார்? வீடு இழந்த அதே ஆட்கள், தினக்கூலிக்கு. தங்கள் முற்றத்தைத் தாங்களே தோண்டித் தண்ணீர் விட்டார்கள். இன்றைக்கு அந்த ஏரிக்கரையில் பெஞ்சு போட்டு, 'இயற்கையின் அமைதி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். தேவாலயத்தை மட்டும் இடிக்க முடியவில்லை, பாதிரியார் சண்டைக்கு வந்துவிட்டார். அதனால் அதைச் சுற்றி மரம் நட்டு மறைத்தார்கள். ஊர்க்காரர்கள் தேவாலயத்துக்கு நடந்தார்கள். பின்பு அதற்கு அப்பால் வந்த பள்ளிக்கூடத்துக்கும் நடந்தார்கள். அப்படி வந்த வழி. இருநூற்றைம்பது வருடம் ஆகியும் ஊருக்குப் பெயர் நியூ வெதர்லி.

இதெல்லாம் பிரையனி வீட்டில் கேட்டதில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும்போது ஒரு புத்தகத்தில் படித்தாள். அவள் குடும்பத்தில் பதினாறு வயதுக்கு மேல் படித்த முதல் ஆள் அவள். பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வருடம் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டாள். 'வரலாறு படிச்சவங்க வாழைப்பழத்த நல்லா ஸ்கேன் பண்றீங்க' என்று கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் தினமும் சொல்வான். அப்புறம்தான் வெதர்லி மாளிகையில் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்த ஆள் தேடுவதாக விளம்பரம் வந்தது.

அவளை வேலைக்கு எடுத்தவள் கிளமென்சி ஃபேன்ஷா, மாளிகையின் இப்போதைய எஜமானி. முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் போடுவாள். ஏழை ஸ்வெட்டரில் ஓட்டை இருந்தால் அது வறுமை, இவர்கள் ஸ்வெட்டரில் இருந்தால் அது பரம்பரை. ஆனால் பிரையனிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதை மறைத்துப் பயனில்லை. முதல் நாளே "மிஸஸ் ஃபேன்ஷா எல்லாம் வேணாம், கிளமென்சின்னே கூப்பிடு" என்றாள். தன் கையாலேயே டீ போட்டுக்கொண்டு மாடிக் காகித அறைக்கு வருவாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இதப் படிச்சுக் காட்டு, என்னதான் எழுதியிருக்கான் இந்தக் கிழவன்?" என்பாள். பிரையனி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாள். படித்த படிப்புக்கு ஒருத்தி காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்து வாசல் திறக்கவில்லை. புதிய பலகை வந்தது: 'டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும். பிரதான வாசலுக்குச் செல்லவும்.' ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருகிறவர்களை மட்டும் ஒரு மணி நேரம் விடுவார்களாம். குளிர்காலத்தில் ஏரியைச் சுற்றி விளக்கு அலங்காரம் வைத்துக் கூட்டம் சேர்க்கப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் குறுக்கே நடந்தால் டிக்கெட் எடுத்தவனுக்கும் எடுக்காதவனுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷயம் அதுதான்.

ஊரில் இதை முன்னின்று நடத்தியவர் டெனிஸ் பார்ஃபிட், ரிட்டையர்டு தபால்காரர். ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று சட்டம் சொன்னார்.

"இருபது வருஷம். பூட்ட உடைக்காம, ஒளிஞ்சு போகாம, யார்கிட்டயும் அனுமதி வாங்காம ஜனங்க ஒரு பாதைல நடந்திருந்தா அது பொது வழி. அப்புறம் அத மூட ராஜா வந்தாலும் முடியாது. இதுல முக்கியமானது எது தெரியுமா? அனுமதி வாங்காம! அனுமதியோட நடந்தா அது அவங்க தயவு. சும்மா நடந்தா அது நம்ம உரிமை."

"நாம எங்க கேட்டோம்?" என்றாள் லினெட்.

"அதத்தான் சொல்றேன். நாம யார்கிட்டயும் எதையும் கேக்கறவங்களா? கேக்க வெக்கம். அந்த வெக்கம்தான் இன்னைக்கி நம்மளக் காப்பாத்தப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பத்திரண்டு பேர் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வாக்குமூலம் லினெட்டுடையது. வாரத்துக்கு ஐந்து நாள், போக வர, பதினெட்டு வருடம். அவளுக்குச் சமமாக அந்தப் பாதையை யாரும் மிதித்ததில்லை. "நீதாம்மா நம்ம பெரிய சாட்சி" என்றார் டெனிஸ். அவளுக்கு முகம் சிவந்துபோனது.

பிரையனி மறுநாளே போய் கிளமென்சியிடம் நேராகச் சொன்னாள். மறைத்துப் பேச அவளுக்கு வராது.

"ஊர்ல வழக்கு போடறாங்க. எங்கம்மாதான் முதல் சாட்சி. நான் வேலைய விடணும்னா இப்பவே சொல்லிடுங்க."

கிளமென்சி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "பைத்தியமா உனக்கு? நீ அம்மா பக்கம்தான் நிக்கணும். நிக்கலேன்னாதான் உன்ன மதிக்க மாட்டேன். இது என் வீட்டுக்காரரும் வக்கீலும் பண்ற கூத்து. என்னக் கேட்டா இன்னைக்கே பூட்டத் தூக்கி ஏரில போடுவேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு பண்ணலாமா? மாளிகையும் ஊரும் எப்படி ஒண்ணா இருந்தோம்னு ஒரு கண்காட்சி. ஊர்க்காரங்க எங்க மாமியாருக்கு எழுதின கடுதாசி எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கு. ஒண்ணு விடாம எடுத்து, வருஷ வாரியா, வீட்டு வாரியா ஒரு பட்டியல் போடு. அதப் பாத்தா எங்க வீட்டுக்காரருக்கே மனசு இளகும்."

மாமியார் என்றது செத்துப்போன லேடி ஃபேன்ஷாவை. 1991இலிருந்து சாகிற வரைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அம்மாள் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரு பிரம்புக் கூடை அனுப்புவாள். ஒரு ஜோடி காட்டுக்கோழி, பிளம் ஜாம், பழக் கேக். மேலே ஒரு அட்டை. கூடை வந்தால் நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் புது வருடம் பிறப்பதற்கு முன்னால் தபாலில் சேர்த்துவிட வேண்டும். லினெட் வீட்டில் இதற்குக் கறாரான சட்டம் உண்டு. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவாள். "எதுக்கு நன்றின்னு பேர் சொல்லி எழுதணும். கோழிக்கு, ஜாமுக்கு, கேக்குக்கு. இல்லேன்னா கூடையத் திறந்தே பாக்கலன்னு நெனப்பாங்க." பக்கத்தில் அட்டையை வைத்துக்கொண்டு, அதில் இருப்பது ஒன்றுகூட விட்டுப்போகாமல் எழுதுவாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

பிரையனி அந்தக் கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு கடிதங்களை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் தேதி, வீடு, எழுதியவர், விஷயம். பாதிக் கடிதங்களை எழுதியவர்கள் இப்போது தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள். அம்மா எழுதியது மட்டும் இருபத்திரண்டு. அப்பா செத்த வருடம் எழுதியதைப் படித்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த வருடம் லேடி ஃபேன்ஷா ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தானே கூடையைச் சுமந்துகொண்டு வந்தாள். சமையலறையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிரையனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கதவோரம் நின்று பார்த்தாள்.

ஒன்பது வயதில் அவளே எழுதியதும் கிடைத்தது, கீழே ஆட்டுப் படத்தோடு. கிளமென்சி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, இத நடுவுல பெருசா மாட்டணும்!"

கண்காட்சி அடுத்த மாதம் என்றார்கள். பிறகு வசந்தத்தில் என்றார்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. லினெட் ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு இருபது மாதம் தார் ரோட்டில் நடந்தாள். ஒரு தடவை லாரிக் கண்ணாடி தோளில் இடித்து, ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. வேலையை விடவில்லை. "விசாரணை வரட்டும்" என்பாள்.

விசாரணை நவம்பரில் ஊர் மண்டபத்தில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி அம்மாள் வந்திருந்தாள். நடைப் பூட்ஸ் போட்டு, காலையிலேயே பாதையை ஒரு தரம் நடந்துவிட்டு வந்திருந்தாள். மாளிகை சார்பில் ஒரு இளம் வக்கீல், பூனை மாதிரி நடப்பவன். ஃபேன்ஷா தம்பதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரையனி லீவு போட்டுவிட்டு ஊர்க்காரர்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

லினெட் கல்யாணங்களுக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து நடக்கிறாள், எத்தனை முறை, யாராவது தடுத்தார்களா, எல்லாவற்றையும் கணீரென்று சொன்னாள். வக்கீல் எழுந்தான்.

"மிஸஸ் டக்வெல், இந்தப் பாதைல நடக்க நீங்க எப்பவாவது அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லைங்க."

"யாராவது அனுமதி குடுத்தாங்களா?"

"இல்லைங்க. யாரும் குடுக்கல, நானும் கேக்கல."

"இது உங்க கையெழுத்தா பாருங்க."

ஒரு காகிதத்தை நீட்டினான். லினெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அட, ஆமா. நான் எழுதினது."

"கொஞ்சம் சத்தமாப் படிக்கிறீங்களா?"

"'அன்புள்ள லேடி ஃபேன்ஷா. காட்டுக்கோழிகளுக்கும், பிளம் ஜாமுக்கும், பழக் கேக்குக்கும், பூங்கா வழியே நடக்க...'" லினெட் நிறுத்தினாள்.

"படிங்க."

"'...நடக்கத் தாங்கள் அன்புடன் அளித்துவரும் அனுமதிக்கும் மிக்க நன்றி.'"

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

வக்கீல் கூடை மேல் வந்த அட்டையையும் காட்டினான். 'எங்கள் அனுமதியோடு பூங்கா வழியே நடக்கும் அயலாருக்கு, அன்புடன்.' இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு வீட்டுக்கும், அதே வாசகம். ஊர் முழுக்கக் கேக்கைத் தின்றுவிட்டு, அட்டையைப் பார்த்து அச்சுப் பிசகாமல் நன்றி எழுதியிருக்கிறது.

"அது ஒரு மரியாதைக்கு எழுதறதுங்க," என்றாள் லினெட். குரல் இறங்கியிருந்தது. "சனிக்கிழமை பஸ்ஸ விட்டு எறங்கறப்ப டிரைவருக்கும்தான் நன்றி சொல்றேன். அதுக்காக அவரு என்னச் சும்மாவா கூட்டிட்டுப் போனாரு? டிக்கெட் எடுத்துட்டுத்தான போறேன்?"

சிரிப்பு வந்தது. விசாரணை அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

"டிரைவர்கிட்ட அனுமதிக்கு நன்றின்னு சொல்வீங்களா, மிஸஸ் டக்வெல்?" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டான். அவன் ஒரு கட்டுக் காகிதத்தை அதிகாரி மேஜையில் வைத்தான். "இந்த மாதிரி இருநூத்திப் பதினாலு கடிதம். வாக்குமூலம் குடுத்த ஐம்பத்திரண்டு பேர்ல நாற்பத்தோரு பேர் வீட்டுல இருந்து வந்தது. முழுப் பட்டியல் இணைச்சிருக்கோம். ரொம்ப நேர்த்தியா, வீட்டு வாரியாத் தயாரிச்சிருக்காங்க. தயாரித்தவர்: மிஸ் பிரையனி டக்வெல், பி.ஏ."

அவள் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தையும் ஒருத்தர் சபையில் வைத்துச் சொன்னது அன்றைக்குத்தான். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவால் லீவு எடுத்து வர முடியவில்லை. இப்போது எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வக்கீல் விடவில்லை. "கடைசியா, பிள்ளைங்க வரைக்கும் இது தெரிஞ்சிருந்ததுன்னு காட்ட, ஒண்ணே ஒண்ணு." படித்தான். "'அன்புள்ள லேடி ஃபேன்ஷா, கேக்குக்கும் ஜாமுக்கும் உங்க பூங்காவில எங்களுக்கு வழி விட்டதற்கும் நன்றி. எனக்கு ஆடு பிடிக்கும். பிரையனி, வயது ஒன்பது.'"

மதிய இடைவேளை விட்டார்கள். டீப் பாத்திரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. பிரையனி போய் நின்றதும் வரிசை கொஞ்சம் நகர்ந்து நின்றது. டெனிஸ் கையில் சாண்ட்விச்சோடு வந்தார்.

"நல்லாப் படிக்க வெச்சாங்கம்மா உன்ன. நாங்க ஐம்பத்திரண்டு பேரு ஒரு வருஷமாக் கட்டினத ஒரே பட்டியல்ல இடிச்சிட்டியே."

"கண்காட்சிக்குன்னு சொன்னாங்க, டெனிஸ். சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதா? பொது வழின்னா என்னன்னு நான் நாக்காலி மேல ஏறிச் சொன்னப்ப நீ எதிர்லதான உக்காந்திருந்த?" பிறகு சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "உன்ன மட்டும் ஏன் சொல்லணும். அந்தக் கடுதாசி அத்தனையும் நான்தான சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்தேன். ஜனவரி ஒண்ணாந்தேதிக்குள்ள சேக்கணும்னு மழைலயும் பனிலயும் ஓட்டினேன்."

கிளமென்சி வாசலில் தன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பிரையனி நேராகப் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு மனசு இளகும்னு சொன்னீங்க."

"பிரையனி, இங்க வேணாமே."

"எங்க வேணும்? தரைல சம்மணம் போட்டு உக்காந்து பேசலாமா? டீ போட்டுத் தரீங்களா?"

"உன் வேலைய ரொம்ப அருமையாச் செஞ்ச. அதுல நீ பெருமைப்படணும்." கிளமென்சியின் முகத்தில் சங்கடம் இருந்தது, வெட்கம் இல்லை. "யாரும் பொய் சொல்லல. எல்லாம் உங்க ஆளுங்க கையால எழுதினதுதான். நாங்க வெச்சிருந்தோம், அவ்வளவுதான்."

நாங்க வெச்சிருந்தோம். அந்த வார்த்தையில் பிரையனிக்கு ஒரு காகிதம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வாசல் பூட்டுவதற்கு வெகு முன்னால், வக்கீல் கடிதங்கள் இருந்த வேறொரு பெட்டி. ஆயிரக்கணக்கான காகிதங்களில் ஒன்று. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துத்தான் பதிவு செய்வாள். படங்கள் போனிலேயே கிடந்தன. மண்டபத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டி ஓரமாக நின்று தேடினாள். கிடைத்தது.

1991, அக்டோபர். அன்றைய குடும்ப வக்கீல் லேடி ஃபேன்ஷாவுக்கு எழுதியது. 'பாதையை மூடினால் ஊரில் பகை வரும். அதைவிட ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் பரிசு அனுப்பி, அவர்கள் நடப்பது தங்கள் அனுமதியால் என்று அட்டையில் குறிப்பிடவும். இவ்வூரார் பதில் எழுதாமல் இருக்க மாட்டார்கள். அப்பதில்களைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.' ஓரத்தில் லேடி ஃபேன்ஷாவின் சாய்ந்த கையெழுத்து: 'நல்ல யோசனை. கேக் போதுமா? கோழியும் சேர்ப்போம்.'

அன்றைக்கு இதைப் படித்துவிட்டுப் பிரையனி சிரித்திருந்தாள். கேக் போதுமா என்ற வரிக்கு.

அம்மாவைத் தேடிப் போனாள். லினெட் மண்டபத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிரையனி போனை நீட்டினாள். அம்மா இரண்டு தரம் படித்தாள். மூன்றாவது தரம் ஓரத்துக் கையெழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இத உள்ள குடுக்கப் போறேன்," என்றாள் பிரையனி. "கூடையே ஒரு பொறின்னு தெரியட்டும். நம்ம நன்றிய அவங்க எப்படி வாங்கினாங்கன்னு ஊருக்கும் விசாரணைக்கு வந்த அந்தம்மாவுக்கும் தெரியட்டும்."

"குடுக்காத."

"அம்மா!"

"குடுத்தா வழி கெடைக்குமா? சொல்லு, படிச்சவதான. நிச்சயமாக் கெடைக்குமா?"

"தெரியாது. கெடைக்கலாம்."

"கெடைக்கலாம்னு ஒரு வார்த்தைக்காக, எலிக்கு வெச்ச கேக்கத்தான் நான் இருபத்திரண்டு வருஷம் தின்னேன்னு இந்த ஊரு முன்னாடி படிக்கப் போறியா?" லினெட் அழவில்லை. அழுதிருந்தால் பிரையனி அவள் சொன்னபடி கேட்டிருப்பாள். "உங்கப்பா போனப்ப அவங்க வந்து உக்காந்தாங்கடி. எங்கக்கா வரல. உங்கப்பாவோட தம்பி வரல. அவங்க வந்தாங்க."

"அந்தக் கூடை மேலயும் அட்டை இருந்துச்சும்மா. நீயும் நன்றி எழுதின. பட்டியல்ல நூத்தி முப்பத்தி ஒண்ணாவது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. லினெட் போனை மகள் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பிரையனி கொடுத்தாள். தான் யார், எங்கே எடுத்தது என்று சொல்லி, எழுந்து நின்று கடைசி எழுத்து வரை படித்தாள். வக்கீல் ஆட்சேபித்தான், அது கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையிலான ரகசியம் என்றான். விசாரணை அதிகாரி, எடுத்துக்கொள்வதா இல்லையா என்று பிறகு முடிவு செய்வதாகச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். கேக் போதுமா என்ற இடத்தில் மண்டபம் 'ச்சை' என்றது. யாரோ முன்வரிசையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். டெனிஸ் வந்து பிரையனியின் தோளைத் தட்டினார். நீலக் கோட்டு மட்டும் திரும்பவில்லை. லினெட் அதன் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாலையே பிரையனிக்கு வேலை போயிற்று. சாவியை வரவேற்பறையில் கொடுத்துவிடும்படி இரண்டு வரி வந்தது, கீழே 'அன்புடன், கிளமென்சி'.

தீர்ப்பு ஜனவரி மூன்றாம் வாரம் தபாலில் வந்தது. பன்னிரண்டு பக்கம். அன்றைக்குப் பிரிக்கத் துணியாமல், மறுநாள் காலையில்தான் பிரையனி சமையலறையில் நின்றபடி படித்தாள். வக்கீல் கடிதத்தை அதிகாரி ஏற்றுக்கொண்டிருந்தாள், அதைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாள். 'அனுமதி அளித்தவர் எந்த எண்ணத்தில் அளித்தார் என்பது என் முன் உள்ள கேள்வி அல்ல. அனுமதி தெரிவிக்கப்பட்டது, பெற்றவர்கள் அதைப் புரிந்துகொண்டு எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். உரிமை நிறுவப்படவில்லை.'

"என்ன போட்டிருக்கு?" என்றாள் லினெட். மஞ்சள் சட்டையின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். மணி ஆறே முக்கால், வெளியே இன்னும் விடியவில்லை.

"இல்லேன்னு போட்டிருக்கு."

லினெட் தலையாட்டினாள். காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தாள்.

"அந்தக் காகிதத்துனால ஒண்ணும் ஆகலையா?"

"இல்லம்மா."

"ம்."

"நானும் கூட வரேன். ரோட்டுல ரெண்டு பேராப் போனா லாரிக்காரனுக்குத் தெரியும்."

"வேணாம். நீ தூங்கு." லினெட் நிமிர்ந்தாள். விசாரணைக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்து அவள் பேசியது அப்போதுதான். "வழி போனா போவுது. நான் நடந்துக்குவேன். அன்னைக்கி அவங்க இந்த மேசைல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாங்களே, அது நெசமா? அந்த வீட்டுல இருக்கற அத்தனை காகிதத்தையும் படிச்சவ நீ. அதப் பத்தி எதுலயாவது எழுதியிருந்துச்சா?"

பிரையனி யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள், பெட்டி பெட்டியாக. அந்த வருட டைரி கூட அவள் படித்ததுதான்: டிசம்பர் இருபத்திரண்டு, 'மழை. கூடைகள் போயின.'

"இல்லம்மா," என்றாள். "எழுதல."

லினெட் கதவைத் திறந்துகொண்டு போனாள். முள்வேலிக்கு நடுவே மஞ்சள் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது. வளைவில் லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது, லினெட் செடிக்குள் முதுகை அழுத்தி ஒதுங்கி நின்றாள், லாரி போனதும் திரும்ப நடந்தாள்.